இரண்டாம் முறை தொடங்கும் பாட்டு

தலைமையேற்றிருக்கும் வீவர்ஸ் மன்றச் செயலாளர் திரு. பார்ட்ரம் அவர்களே! நடுவில் ஒரு நாற்காலியை வெறுமையாக விட்டு அமர்ந்திருக்கும் 'நமுத்த தீக்குச்சிகள்' இசைக்குழுவின் கிதார் கலைஞர் ராஸ் அம்மையார் அவர்களே, டிரம்மர் கெவ் அவர்களே! நனைந்த கோட்டோடு நிற்கும் ஹாலிஃபாக்ஸ் மக்களே! பள்ளிச் சீருடையோடு முன்வரிசையைப் பிடித்துக்கொண்ட என் தோழர்களே! வணக்கம்.

நம் பாடகி ஜனீன் ஓல்ட்ராய்ட் அவர்கள் மறைந்துவிட்டார். நான் பிறப்பதற்கு வெகுமுன்பே பாட வந்தவர் அவர். பதினைந்து வயதுப் பெண்ணுக்கு அவரைப்பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் நினைக்கலாம். நாங்கள் அவரை மாலை நாலு மணிக்குக் கேட்டவர்கள். அது போதாதா?

இந்தக் குழுவின் முதல் கச்சேரி இதே மேடையில்தான் நடந்தது. கடைசிப் பாட்டு, இந்த ஊரே அறிந்த ஒரு பழைய பாட்டு. அதில் பதற்றம் தாங்காமல் கெவ் அவர்கள் தறிகெட்ட வேகத்தில் தொடங்கிவிட்டார். ஜனீன் கையைத் தூக்கி நிறுத்தினார். வேறொருவராக இருந்தால் முகம் சிவந்து உள்ளே ஓடியிருப்பார். இவர் திரும்பி, மைக்கிலேயே கேட்டார்:

"என்ன கெவ், பஸ் போயிடுச்சா?"

மண்டபம் சிரித்தது. பாட்டு மறுபடி தொடங்கியபோது, முதல் வரியை அவருக்கு முன்னால் கூட்டமே பாடிவிட்டது. அன்று தவறாக நடந்தது, பிறகு வழக்கமாகிவிட்டது. எந்த ஊரானாலும் கடைசிப் பாட்டு முதலில் தப்பாகத் தொடங்கும், நிற்கும். கூட்டம் "பஸ் போயிடுச்சா?" என்று கத்தும். பிறகு முதல் வரி நம்முடையது!

லண்டனிலிருந்து ஒரு நிறுவனம் வந்தது. இசைத்தட்டு விற்றது, வானொலியில் பாட்டு வந்தது. அடுத்ததாக மேடைக் கச்சேரியைப் பதிவு செய்தபோது, அந்தத் தப்பான தொடக்கத்தை வெட்டிவிடச் சொன்னார்கள்.

"கேக்கறவங்க பழுதுன்னு நெனப்பாங்க மேடம்."

"அது பழுதுதான் தம்பி. அதுலதான் எங்க ஊர் சத்தம் இருக்கு. வெட்டணும்னா என்னையும் சேர்த்து வெட்டுங்க."

வெட்டிவிட்டார்கள், குழுவையே! அடுத்த இசைத்தட்டுக்கு ஒப்பந்தம் இல்லை. பெரிய அரங்குகள் போயின, பழைய வேன் திரும்பி வந்தது. புகழ் குறைந்தது, உண்மை. பாட்டு குறைந்ததா? கார்லைலில் ஓர் இரவு, வந்திருந்தவர்கள் எல்லோரும் இரண்டு மேசையில் அடங்கிவிட்டார்களாம். ராஸ் அவர்கள் என்னிடம் சொன்னது இது:

"வேனைத் திருப்பிடலாம்டின்னேன். 'வராதவன் மேல இருக்கற கோவத்த வந்தவன்கிட்ட காட்டாதடி'ன்னா. அன்னிக்குப் பாடின மாதிரி அவ எங்கயுமே பாடல."

எங்களுக்கு நாலு மணிக் கச்சேரியைத் தந்ததும் அதே மனசுதான். மது விற்கும் மண்டபங்கள் இரவில் எங்களைப் போன்றவர்களை உள்ளே விடுவதில்லை. "பதினெட்டு வயசு வரைக்கும் இதுங்க எதைக் கேட்டு வளரும்?" என்று கேட்டு, சனிக்கிழமை மாலைகளில் இந்த மண்டபத்தைத் திறக்கவைத்தார். ஆரஞ்சுச் சாறு, சிப்ஸ் வைத்த ரொட்டி, காது கிழியும் கிதார்! இரவுக் கச்சேரிக்கு எவ்வளவு வியர்த்தாரோ, எங்களுக்கும் அவ்வளவு வியர்த்தார். என் கோட்டுப் பையில் எப்போதும் ஒரு நாவல் துருத்திக்கொண்டிருக்கும். பாட்டுக்கு நடுவே மேடையிலிருந்து குனிந்து கேட்பார்: "ஏ புத்தகம்! அந்தக் கொலகாரன் யாருன்னு தெரிஞ்சுதா, இல்லயா?" ஒரு கூட்டத்தில் என்னை ஒருவர் கவனித்தது அதுதான் முதல் தடவை.

இப்போது வாசல் கதவைப் பாருங்கள். வருகிற சனிக்கிழமைக் கச்சேரி ரத்து என்று ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. கூட்டம் தொடங்குமுன் கெவ் அவர்களிடம் காரணம் கேட்டேன்.

"பாட ஆளில்லாம டிரம் எதுக்கு கண்ணு? சும்மா டப்பாவத் தட்டறதுக்கா?"

"கடைசிப் பாட்டோட முதல் வரிய ஜனீன் என்னிக்காவது பாடியிருக்காங்களா?"

அவர் யோசித்தார். "இல்ல. அத எப்பவும் கூட்டந்தான் பாடும்."

"அப்போ ஆள் இருக்கே."

"அவளும் இப்படித்தான் மடக்குவா." மூக்கைச் சிந்திக்கொண்டார். "இன்னிக்கு இந்த மண்டபம் பாடட்டும். பாடினா, அந்தத் தாள நானே கிழிக்கறேன்."

மக்களே, கேட்டீர்களா? மௌன அஞ்சலி நல்ல வழக்கந்தான். ஆனால் ஜனீன் ஓல்ட்ராய்டுக்கு மௌனமா? அவருக்கு அது பிடித்திருக்குமா? சனிக்கிழமைதோறும் நாங்கள் வருவோம். ராஸ் வாசிக்கட்டும், எங்களில் பாடத் தெரிந்தவர்கள் பாடட்டும், தெரியாதவர்கள் இன்னும் உரக்கப் பாடட்டும். எங்களுக்குப் பின்னால் வரும் சின்னவர்களுக்கு இந்தக் கதவு திறந்தே இருக்கும். இது எங்கள் வாக்குறுதி.

கெவ் அவர்களே, டிரம் உங்கள் பின்னால்தான் இருக்கிறது. தயவுசெய்து தப்பாகத் தொடங்குங்கள்.

ஆ! என்ன வேகம்! சரியான தப்பு!

நிறுத்திவிட்டார். எல்லோரும் எழுந்திருங்கள். ஜனீன் எப்படிக் கேட்பார்? கதவிலிருக்கும் தாள் அதிரும்படி கேளுங்கள்:

கெவ், பஸ் போயிடுச்சா?