காறாத எண்ணெய்

எட்டயபுரத்திலிருந்து கோவில்பட்டிக்குப் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். சன்னலோரம் இருந்த மூத்தவள் சொன்னது என்னை நிமிர வைத்தது.

“எம்மவ செத்து மூணு வருஷமாச்சு செல்வி. அவ தலைக்குத் தேய்ச்ச எண்ணெய் இன்னும் காறல, கெட்ட வாடை அடிக்கல. அவதான் வந்து காவல் இருக்கா.”

“எந்த எண்ணெய் மதினி?”

“பச்சைக் குப்பி. மல்லியப்பூ வாசம்.”

செல்வி சிரித்துவிட்டாள். “அது எங்க கம்பெனியில நாங்க அடைக்கதுல்லா! தேங்காயெண்ணெய்னு நெனைச்சியளா? சீமெண்ணெய்க்குக் கூடப்பொறந்தது. தண்ணி மாதிரி, வாடையே இல்லாம பீப்பாயில வரும். செண்டும் சாயமும் ஊத்துவோம். அது எந்தக் காலத்துலயும் காறாது.”

மூத்தவள் அவள் பக்கம் திரும்பினாள்.

“அப்போ அவ வரலையா?”

“இல்ல மதினி. வெறும் எண்ணெய்.”

“வெக்கைக்கு வத்துமா?”

“வத்தாது. தொறந்து போட்டாலும் கொறையாது.”

“தொறந்து போடலட்டி. ட்ரங்குப் பெட்டியில பூட்டி, சாவிய எங் கழுத்துல போட்டிருக்கேன். அவ எண்ணெய் தேய்க்கிற வெள்ளிக்கிழமை மட்டும் எடுத்து மோந்து பாப்பேன். பூட்டும்போது நெறைய இருந்த குப்பி இப்பம் பாதிதான் இருக்கு.”

செல்வி சிரிக்கவில்லை. “ஒழுகியிருக்கும்.”

“அவ துணியெல்லாம் குப்பிக்கு அடியிலதான் கெடக்கு. ஒரு பொட்டு எண்ணெய் படல. கூடக் கெடக்குற அவ சீப்புலதான் எண்ணெய் ஈரம்.”