ஞாயிற்றுக்கிழமை மோர்

எங்கள் நர்ஸிங் காலேஜ் ஹாஸ்டலில் ஞாயிற்றுக்கிழமை பிரியாணி நன்றாகவே இருக்கும், மேடம். அதைக் குறை சொல்ல முடியாது. குறையெல்லாம் அதற்கப்புறம்தான். நாங்கள் கை கழுவியதும் வார்டன் கனகலட்சுமி அக்கா எல்லார் போனையும் வாங்கிப் பீரோவில் பூட்டுவார். சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார். சாயங்காலம் வரை படிப்பு நேரம். கையை என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருப்போம்.

அக்கா தென்காசிப் பக்கம். பிரியாணிக்கு மேல் ஒரு சொம்பு மோர் வேண்டும். கலக்கிக் கொடுப்பது நான். அதில்தான் தூக்க மாத்திரையைப் போட்டேன். தெரியாத மருந்தை யாருக்கும் கொடுக்கிற ஆள் இல்லை நான். முதல் வருஷத்திலிருந்து நானே போட்டுக்கொள்கிற மாத்திரைதான் அது. போன் பார்த்துக் காய்ந்த கண்ணுக்கு அது இல்லாமல் தூக்கம் வராது.

எங்களுக்கு டூட்டி ஒரகடம் ரோட்டு ஆஸ்பத்திரியில். அங்கே பிரஸ் மெஷினில் விரல் போய்ப் படுத்திருந்த அருள்பாண்டி அண்ணனுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையைத்தான் எடுத்து வந்தேன். அவர் விடிய விடிய முழித்துக் கிடந்தார். நைட் ஷிஃப்ட் பார்த்த உடம்பு, தாங்கும்.

முதல் ஞாயிறு சிரிப்பை அடக்க முடியவில்லை. அக்கா குறட்டை விட்டார், நான் சாவியை உருவினேன். கட்டிலுக்குக் கட்டில் ரீல்ஸ். அக்காவுக்குக் கூலிங் கிளாஸ் மாட்டிச் சுற்றி நின்று ஆடினோம். பக்கத்துக் கட்டில் மதிவதனி தரையில் உருண்டு சிரித்தாள். "இன்னா எழிலு, நீ தெய்வம்டி!"

அதற்குள் போனையெல்லாம் உள்ளே வைத்துச் சாவியை அவர் இடுப்பிலேயே செருகிவிட்டோம். எழுந்ததும் அக்கா கேட்டார்: "ஏட்டி, ஒன் மோருல என்னத்த போடுத? ஒடம்பு பஞ்சா கெடக்கு."

"பெருங்காயம்க்கா."

எங்களைப் பொறுப்பில்லாதவர்கள் என்று நினைக்காதீர்கள். என் அப்பா பிள்ளைப்பாக்கத்தில் லாரிக்கு லோடு ஏற்றுகிறவர். எடுத்த வேலையை ஒழுங்காகச் செய்யச் சொல்லி வளர்த்தவர். முறை வைத்து அக்காவுக்கு நாடி பார்த்தோம், பிரஷர் பார்த்தோம். காசு கட்டினாலும் அந்தக் கவனிப்பு கிடைக்காது. போகப் போக அவர் சீக்கிரம் முழித்தார். மாத்திரையைக் கூட்டினேன்.

போன ஞாயிறு லைவ் போட்டேன். அவ்வளவு கூட்டம் எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. திரை முழுக்க இதயமாகப் பறந்தது. பெண்கள் பாட்டுக்கு ஆடினார்கள், எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அப்போது மதிவதனி என் தோளைப் பிடித்து இழுத்தாள்.

"எழிலு, அக்காவுக்கு மூச்சு சரியா வரல. உதடு நீலமா கீது. நூத்தியெட்டுக்கு போடுறேன்."

நானும் பார்த்தேன். பாடத்தில் படித்தது அப்படியே இருந்தது. என்ன ஆகிறது, என்ன செய்ய வேண்டும், இரண்டும் எனக்குத் தெரியும். ஆனால் ஆம்புலன்ஸ் வந்தால் லைவை நிறுத்த வேண்டும்.

"ஜன்னல் வெளிச்சம் அப்படி விழுதுடி, சும்மா இரு" என்றேன். அவள் போனைப் பிடுங்கிப் பீரோவில் பூட்டினேன். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, இந்தப் பாட்டு முடியட்டும் என்றேன். முடிந்தது. அடுத்தது இன்னும் நல்ல பாட்டு.

அக்கா எழுந்திருக்கவே இல்லை. கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் போனுக்கு அடிமை என்று மட்டும் எழுதாதீர்கள், மேடம். நீங்கள் கேட்டதும் நானாகத்தான் எடுத்துக் கொடுத்தேன். மேஜை மேல் என் கட்டைவிரல் மேலும் கீழும் போவதையே பார்க்கிறீர்கள். அது ஒன்றுமில்லை. சும்மா போகிறது.