கண்ணை மூடாதவன்

இல்லக்கா, பிரின்சிபால் நாலு மணிக்கு மேலதான் பார்ப்பார். இப்பவே போயி அந்த வராண்டாவுல கால் கடுக்க நிக்காதீங்க. உட்காருங்க. அதான் உங்க தம்பி கட்டில், இது என்னோடது. அவன் புத்தகத்தையெல்லாம் பெட்டியில போட்டுக் கட்டிட்டேன். போர்வையைத் துவைச்சுப் போட்டேன், இன்னும் ஈரமா இருக்கு.

அய்யோ, எனக்கு எதுக்குக்கா நன்றியெல்லாம். நாலு மாசம் முன்னாடி எங்கம்மா தவறினப்ப என் பையைத் தூக்கிக்கிட்டு கூடவே வந்தவன் அவன். எனக்கு ஒரு பொட்டுக் கண்ணீர் வரல. அழுதுடுடா, அழுதுடுடான்னு மூணு நாள் பக்கத்துலயே கிடந்தான். அவனுக்கு முன்னாடி நான் செஞ்சதெல்லாம் ஒண்ணுமே இல்ல.

அவன் நடத்துன அந்தக் கூட்டம் என்னன்னா கேக்குறீங்க? வீட்ல சொன்னதே இல்லையா? சரியாப் போச்சு. நாளைக்கு இந்த இறையியல் கல்லூரியை முடிச்சு நாம சபை ஆயரா போய் உட்காருற தெருவுல பாதிப் பேரு வேற சாமி கும்பிடுவாங்க, அவங்க மனசு தெரியாம என்னத்தடா ஊழியம் பண்றதுன்னு அவன்தான் ஆரம்பிச்சான். புதன்கிழமை சாயங்காலம், லைப்ரரிக்குப் பின்னாடி இருக்கிற ரூம்ல. வாரம் ஒருத்தரைக் கூப்பிடுவான். ஒரு வாரம் ஒரு மௌலவி வந்து ஓதினார், ஊசி விழுந்தா கேக்கும், அப்படி ஒரு அமைதி. இன்னொரு வாரம் சீனாவுல இருந்து வந்த தாவோங்கிற மார்க்கத்து அம்மா ஒருத்தங்க கையைக் காலை மெதுவா அசைச்சு மூச்சு விடச் சொல்லிக் குடுத்தாங்க. எங்க தடியன் ஒருத்தன் இருக்கான், ஒத்தைக் கால்ல நின்னு தள்ளாடி, அப்படியே போய் புத்தக அலமாரியைக் கட்டிப்பிடிச்சுட்டான். உங்க தம்பிதான் ரொம்பச் சிரிச்சது.

கல்லூரி போட்ட நிபந்தனை ஒண்ணே ஒண்ணு. பார்க்கலாம், கேக்கலாம், கூடச் சேர்ந்து கும்பிடக் கூடாது. அதுக்காகவே ஒருத்தன் கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டு நடந்ததை எழுதி ஆபீஸ்ல குடுக்கணும். என் கையெழுத்து முத்து முத்தா இருக்காம், அந்த வேலையை என் தலையில கட்டிட்டாங்க.

பிரச்சனை நடந்த அன்னைக்கு வந்தவர் ஒரு புத்த பிக்கு. உள்ளங்கையில அடங்குற மாதிரி ஒரு சின்னச் சிலையை மேஜை மேல வச்சார். கண்ணை மூடிக்கங்க, உங்களை விட்டுப் போனவங்களை நினைச்சுக்கங்கன்னார். பத்து நிமிஷம். அப்ப பார்த்து கிரேக்கம் எடுக்குற வாத்தியார் வெளிய நடந்து போயிருக்கார். ஜன்னல்ல மங்கல் கண்ணாடி. யாரோ சிலைக்கு முன்னாடி முட்டி போட்டு தலையைத் தரையில வச்சிருக்கிறது தெரிஞ்சிருக்கு. ஆள் யாருன்னு தெரியல.

அப்புறம் என்ன, கமிட்டி. மூணு பேரு. கண்ணு திறந்திருந்தவன் நான் ஒருத்தன்தானே, முதல்ல என்னைத்தான் கேட்டாங்க. எழுதிக்கிட்டு இருந்தேன் ஐயா, கவனிக்கலன்னேன். நம்பிட்டாங்க. உனக்குத்தான் நல்லா எழுத வரும், இதையும் எழுதுன்னு விசாரணைக் குறிப்பையும் என்கிட்டயே குடுத்தாங்க.

அடுத்து உங்க தம்பியைக் கேட்டாங்க. அவன் என்ன சொன்னான்னா... ஆளைச் சொல்ல மாட்டேன், கூட்டம் நடத்துனவன் நான், தண்டனையை எனக்கே குடுங்கன்னான். அவ்வளவுதான் சொன்னான். அப்படின்னா ஒத்துக்கிட்டான்னு எழுதிக்கோன்னார் சேர்மன். எழுதினேன். எழுத்து வழக்கம்போல முத்து முத்தாத்தான் விழுந்துச்சுக்கா. அதை நினைச்சாத்தான் எனக்கு என் மேலயே அருவருப்பா இருக்கு.

அவனுக்கு எப்படி ஆளைத் தெரியும்னு கேக்குறீங்க. நாற்காலி நகர்ற சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்திருக்கான். பார்த்துட்டு மறுபடி மூடிக்கிட்டான். கல்லூரியை விட்டு நீக்கிட்டாங்கன்னு ஊருக்குக் கிளம்புறப்ப அவன் மேஜை விளக்கை என் பக்கம் நகர்த்தி வச்சான். பரிட்சை இருக்கே, உனக்கு வேணும்டான்னான். நான் சரின்னு தலையாட்டினேன். அந்த விளக்கைப் போட்டே படிச்சு நாலு பரிட்சையும் எழுதி முடிச்சேன். அடுத்த மாசம் எனக்கு ஆயர் பட்டம். அங்கி தைக்கக் குடுத்தாச்சு.

பிரின்சிபாலுக்குன்னு கொண்டு வந்த அந்த மனுவைக் கொஞ்சம் குடுங்க. நீங்களே உட்கார்ந்து எழுதினீங்களா? ம்... தெரியாம செஞ்சுட்டான், சின்னப் பையன்னு மன்னிச்சு மறுபடி சேர்த்துக்கங்கன்னு எழுதியிருக்கீங்க.

பேனா இருக்காக்கா? இந்த வரியை அடிச்சுடணும். அவன் எதுவும் செய்யல. போனவங்களை நினைச்சுக்கங்கன்னு பிக்கு சொன்னதும் எங்கம்மா முகம் ஞாபகம் வந்துச்சு, அப்பத்தான் எனக்கு அழுகையே வந்துச்சு. முட்டி போட்டது நான்தான்.

எந்திரிங்க, நானும் வர்றேன், மணி நாலாகப் போகுது.