பெருக்கல் குறி போட்ட இடம்

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஒரு காகிதம் முக்கியம் என்று தெரிந்துவிட்டால் போதும், உடனே அதை லேமினேட் செய்துவிடுவார்கள். டிகிரி, சாதிச் சான்றிதழ், கல்யாணச் சான்றிதழ், எதையும் விடுவதில்லை. வெளிநாட்டுக்குப் போகிற காகிதத்தில் எனக்கு அதுதான் தலைவலி. சென்னையில் ஒன்று, டெல்லியில் ஒன்று, அந்த நாட்டுத் தூதரகத்தில் ஒன்று என்று மூன்று முத்திரை அதன் பின்பக்கம் விழ வேண்டும். பிளாஸ்டிக் மேல் எப்படிக் குத்துவது? உரித்தால் எழுத்தும் கூடவே வந்துவிடும். இருபத்திரண்டு வருடமாக நாமக்கல்லில் இந்த முத்திரைகளை வாங்கிக் கொடுக்கிற வேலை பார்க்கிறேன். இதற்காக நான் திட்டாத ஆள் கிடையாது.

நீங்கள் கேட்டது ஜோதியைப் பற்றி. அதற்குத்தான் வருகிறேன் சார். கால் ஆடுவதைக் கண்டுகொள்ளாதீர்கள். எனக்கு ஒரு இடத்தில் உட்கார்ந்து பேச வராது.

ஜோதியின் வீட்டுக்காரர் மாதேஸ்வரன் ரிக் வண்டியில் டிரில்லர். திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து போர்வெல் போட ஆப்பிரிக்காவுக்குப் போகிறார்களே, அப்படிப் போனவர். அங்கே குழாய் சரிந்து விழுந்து இறந்துபோனார். உடல் ஒரு ஆஸ்பத்திரிப் பிணவறையில் இருந்தது. அதை ஊருக்கு அனுப்ப மனைவி எழுதிக் கொடுத்த கடிதம் வேண்டும், அவர்தான் மனைவி என்பதற்குக் கல்யாணச் சான்றிதழ் வேண்டும், இரண்டிலும் மூன்று முத்திரையும் வேண்டும். ஜோதிக்கு ஈமெயில் எல்லாம் தெரியாது. கம்பெனி மேனேஜர் எழுதுவதெல்லாம் எனக்குத்தான் வந்தது.

"மூஞ்சிய ஒருவாட்டி பாத்தாப் போதுங்ண்ணா" என்றார் முதல் நாள். "எங்கத்தை காட்டுல மாமன் சமாதிக்குப் பக்கத்துலயே எடம் சொல்லி வெச்சிருக்குது." அத்தை என்றது மாமியாரை.

சான்றிதழை நாலாக மடித்து பர்ஸில் வைத்திருந்தார். மடிப்பெல்லாம் கிழிய ஆரம்பித்து, வேர்வையில் நைந்து போயிருந்தது. அதைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. நிஜமாகவே பாவமாக இருந்தது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஜோதி மாடியிறங்கிக் கீழே ஸ்டுடியோவில் போட்டோ எடுக்கப் போயிருந்தார். வேறு யாருக்கோ அடையாள அட்டை போட்டுக் கொடுக்க லேமினேஷன் மெஷினைச் சூடேற்றி வைத்திருந்தேன். கை அதுபாட்டுக்குச் சான்றிதழை எடுத்து உள்ளே விட்டது. மறுபக்கம் பளபளவென்று வெளியே வந்த பிறகுதான் என்ன செய்தேன் என்று எனக்கு உறைத்தது.

அந்தம்மா திரும்பி வந்து பார்த்துவிட்டு, "ஏனுங்ண்ணா, புதுசாட்டம் பண்ணீட்டீங்க" என்று சந்தோஷப்பட்டார். யாராவது ஒரு நல்ல கிளார்க் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவார் என்று நினைத்து அப்படியே அனுப்பினேன். ஒன்பதாம் நாள் சென்னையிலிருந்து திரும்பி வந்தது.

பத்திர ஆபீஸில் ஒரு வாரத்தில் வேறு நகல் வாங்கியிருக்கலாம். எனக்குத் தெரியாதா? ஆனால் அதற்கு ஜோதி ஒரு மனுவில் கையெழுத்துப் போட வேண்டும். ஏன் என்று கேட்பார். நான்தான் கெடுத்தேன் என்று சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வருடத்தில் என் தவறால் ஒரு ஃபைல்கூடத் திரும்பியதில்லை சார். டெல்லிக்குப் போய்விட்டது என்று சொல்லிவிட்டேன்.

அதிலிருந்து அவர் தினமும் வர ஆரம்பித்தார். காலை ஒன்பது மணிக்கெல்லாம் படியேறி வந்து, என் மேசைக்கு நேர் எதிரே உட்காருவார். "இன்னைக்கு எதாச்சும் வந்துச்சுங்களா?" என்று ஒரே ஒரு தடவை கேட்பார், அவ்வளவுதான். அழவில்லை, சண்டை போடவில்லை. போன் அடித்தால் மட்டும் பாதி எழுந்திருப்பார். எனக்கு நாளைக்கு அறுபது போன் வரும். அறுபது தடவையும் எழுந்து உட்காருவார். போனைச் சத்தம் இல்லாமல் வைத்தேன். சட்டைப் பையில் வெளிச்சம் தெரிந்தாலும் எழுந்தார். மேசையைத் திருப்பிப் போட்டேன். டீ குடிக்க ஐந்து தடவை கீழே போனேன். எனக்கு வேலை ஓடவில்லை. அயோத்தியாப்பட்டணத்து நர்ஸ் ஒருத்தியின் சான்றிதழை வேறொருவர் கவரில் போட்டு ஒட்டிவிட்டேன், நல்லவேளை அனுப்புவதற்குள் பார்த்தேன்.

"நீங்க ஊட்ல இருங்க, வந்தா நானே கூப்படறேன்" என்று சொல்லிப் பார்த்தேன்.

"ஊட்ல இருந்தா எங்கத்தை மூஞ்சியப் பாக்க முடியறதில்லீங்ண்ணா. அதுக்கு இங்கியே குக்கிக்கறேன்" என்று அதே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

இருபத்தாறாம் நாள் கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. பிணவறையில் இனி வைக்க முடியாது. வெள்ளிக்கிழமைக்குள் காகிதம் வர வேண்டும். இல்லாவிட்டால், அங்கேயே அடக்கம் செய்யச் சம்மதம் என்று மனைவி ஒரு கடிதம் கொடுத்தால் போதும். அதற்கு முத்திரை எதுவும் தேவையில்லை, ஸ்கேன் செய்து அனுப்பினால் போதும். உயிரோடு ஒருவன் அந்த நாட்டுக்குப் போக மூன்று முத்திரை கேட்கிறவர்கள், அங்கே புதைக்க ஒன்றுகூடக் கேட்கவில்லை. நான் அந்த மெயிலை நாலைந்து தடவை படித்தேன். நிமிர்ந்து பார்த்தால் ஜோதி எதிரே உட்கார்ந்திருந்தார்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கையெழுத்து வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாகப் பெருக்கல் குறி போடுவோம். வருகிறவர்கள் குறியைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார்கள், அப்புறம் நாங்கள் ரப்பரால் அழித்துவிடுவோம். யாரும் படிப்பதில்லை. டாக்டர்களே படிப்பதில்லை. அன்று ஐந்து தாள் வைத்தேன். நாலு தாள் சும்மா. ஐந்தாவதுதான் அந்தக் கடிதம், இங்கிலீஷில் நானே அடித்தது.

ஜோதி ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி நிறுத்திப் போட்டார். "இதோட முடிஞ்சுருங்களா?"

"முடிஞ்சுருமுங்க" என்றேன். அதில் பொய் இல்லை.

சனிக்கிழமை அங்கே அடக்கம் செய்து, மண்மேட்டையும் அதில் நட்ட நம்பர் பலகையையும் போட்டோ எடுத்து அனுப்பினார்கள். அந்த ஊர்க் கவர்மெண்டே அவசரப்பட்டுப் புதைத்துவிட்டது என்று ஜோதியிடம் சொன்னேன். ரொம்ப நேரம் போட்டோவையே பார்த்தார். பிறகு என்னைக் கும்பிட்டு, "நீங்க என்னங்ண்ணா பண்ணுவீங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். திங்கட்கிழமை வரவில்லை. ஒளிப்பானேன், அன்றைக்குப் பதினோரு ஃபைல் முடித்தேன்.

அதோடு போயிருக்கும். ஜோதியின் அண்ணன் மகள் தேவிப்ரியா காலேஜில் படிக்கிற பெண், துடியானவள். அவளே கம்பெனிக்கு எழுதிக் கேட்டு அந்தக் கடிதத்தை வாங்கி, வீட்டில் எல்லார் முன்னாலும் படித்துச் சொல்லிவிட்டாள். மறுநாள் மாதேஸ்வரனின் அம்மா நல்லம்மாள், மருமகளைக் கூட்டிக்கொண்டு என் ஆபீஸுக்கு வந்துவிட்டார். படியேறின மூச்சு வாங்கியபடியே, கடிதத்தின் நகலை மேசையில் வைத்தார்.

"சாமி, எனக்குப் படிக்கத் தெரியாது. எம்பட பையன அங்கியே பொதைக்கச் சொல்லி இவதான் எழுதிக் குடுத்தாளா? நீ சொல்லு, நான் நம்பிக்கறேன்."

நான் நகலைக் கையில் எடுத்துப் பார்த்தேன். பென்சில் குறி இருந்த இடம் சுத்தமாக இருந்தது.

"ஆமாங்கம்மா" என்றேன். "வேண்டாம்னு நான் எவ்வளவோ சொன்னனுங்க. இவங்கதான் கேக்கல."

ஜோதி கத்துவார் என்று நினைத்தேன். கத்தினால் என்ன சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், கடிதத்தைப் பார்த்தார். கண்ணை மூடி எதையோ ஞாபகப்படுத்திப் பார்த்தார். என்னைச் சந்தேகப்பட அவருக்குத் தோன்றவே இல்லை சார்.

"அன்னைக்கு எனக்குப் புத்தியே சரியில்லீங்கத்தை" என்றார் மாமியாரிடம். "நாந்தான் சொல்லியிருப்பனாட்டம் இருக்குது."

நல்லம்மாள் திரும்பிப் பார்க்காமல் தனியாகப் படியிறங்கிப் போனார். அன்றிலிருந்து ஜோதி அண்ணன் வீட்டில் இருப்பதாகவும், யாரோடும் பேசுவதில்லை என்றும் தேவிப்ரியா உங்கள் ஸ்டேஷனில் கொடுத்த மனுவில் எழுதியிருக்கிறாள். என் மேல் சந்தேகம் என்று எழுதியிருப்பதும் சரிதான். சான்றிதழைக் கெடுத்தது நான். கடிதம் அடித்தது நான். ஏமாற்றிக் கையெழுத்து வாங்கியதும் நான். மாதேஸ்வரன் வீடு வந்து சேராமல் போனது என்னால்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். இதை ஜோதியிடம் சொல்லித்தான் ஆக வேண்டுமா? தானே செய்ததாக நினைத்து, இப்போதுதான் ஏதோ மனசைத் தேற்றிக்கொண்டு ஒரு மூலையில் அமைதியாக இருக்கிறார். உண்மை தெரிந்தால் அந்தம்மா தாங்கமாட்டார்.