டக்கன் அண்ணாச்சி

பம்பாய் மழையைத் திட்டுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது, பத்மஜா மேடம். ஊரே நனைந்து புலம்பும்போது எனக்கு மட்டும் உள்ளுக்குள் குஷியாக இருக்கும். எனக்கு இந்தி பேச வரும், எழுத வராது. தமிழிலேயே எழுதிக் கொடுங்கள் என்றீர்களே, கணக்குத் தணிக்கை ஆபீஸில் இப்படி ஒருவரா என்று அப்போதே உங்களைப் பிடித்துப்போயிற்று. என் கட்டிலுக்கு அடியில் பதினொரு மூடிகள் எப்படி வந்தன என்பதுதானே உங்கள் கேள்வி. சொல்கிறேன்.

என் பெயர் வெயிலுமுத்து. தாராவியில் முப்பது வருஷம் தோல் பட்டறையில் மூட்டை தூக்கினேன். முதுகு போயிற்று, பட்டறைக்காரன் கைகழுவிவிட்டான். ஒன்றரை வருஷம் வீட்டோடு கிடந்தேன். என் மனைவி முருகம்மாள் இட்லி மாவு அரைத்து விற்றுச் சோறு போட்டாள். "கட்டிலுக்குக் காவல் இருக்கதுக்குன்னே பொறந்த மனுசன்" என்று பக்கத்து வீட்டில் சொல்வாள். எனக்குக் கேட்க வேண்டும் என்றுதான் சொல்வாள்.

அப்போது வந்ததுதான் மழைக்காவல் திட்டம். தெருவில் தண்ணீர் நிற்கும்போது திறந்த மேன்ஹோல் தெரியாமல் ஆட்கள் விழுந்து செத்துப்போகிறார்கள். மாநகராட்சி ஆபீஸில் யாருக்கோ மனசு இளகி, மூடி இல்லாத ஒவ்வொரு குழிக்கும் ஒரு காவலாள் போட்டார்கள். புது மூடி வரும் வரைக்கும் என்று உத்தரவு. எங்கள் தெருக் குழிக்கு நான். மஞ்சள் மழைக்கோட்டு, ஹெல்மெட், விசில், சிவப்புக் கொடி, மடக்கு நாற்காலி, மணிக்கொரு தரம் குழியைப் படம் எடுத்து அனுப்ப ஒரு போன். அந்தக் காசுக்குத் தெரு முழுக்க மூடி போட்டிருக்கலாம். அதையெல்லாம் யோசிக்க நான் யார்?

இந்தியில் டக்கன் என்றால் மூடி. பம்பாய்த் தெருவில் மண்டையில் ஒன்றும் இல்லாதவனையும் டக்கன் என்பார்கள். ஒரே வாரத்தில் நான் டக்கன் அண்ணாச்சி ஆனேன். போகிற வருகிற பயல்களெல்லாம் "ஏ டக்கன்" என்பார்கள். நான் கொடியை ஆட்டுவேன். கோபமே வரவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கைபிடித்து அந்தப் பக்கம் விடும்போது தாய்மார்கள் கும்பிடுவார்கள். முப்பது வருஷம் மூட்டை தூக்கிக் கிடைக்காத கும்பிடு. முருகம்மாளே என் கொடியைத் துவைத்து மடித்துவைக்க ஆரம்பித்தாள்.

திட்டத்துக்கு இன்ஜினியர் வைத்தீஸ்வரன் சார். முலுண்டிலிருந்து லோக்கல் ரயிலில் வருவார். தங்கமான மனிதர். இரும்பு மூடியைத் திருடி எடைக்குப் போடுகிறார்கள் என்று ஃபைபர் மூடி கொண்டுவந்தவர் அவர்தான். அதனால் அவருக்குப் பெரிய டக்கன் என்று பெயர். யாராவது "டக்கன்" என்று கத்தினால் சிரித்துக்கொண்டே கையைத் தூக்குவார். "நாம ரெண்டு பேரும் ஒரே குடும்பமாயிட்டோம், கேட்டேளா வெயிலுமுத்து" என்பார்.

மூன்றாவது வாரம் குழிக்குப் புது மூடி போட்டுவிட்டார்கள். எனக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. காலையில் படம் எடுத்து அனுப்பினால், குழி இல்லை என்று போன் ஏற்கமாட்டேன் என்கிறது. ஆபீஸுக்குப் பேசினேன். அங்கிருந்தவர் சிரத்தையாகக் கேட்டார்.

"குழி திறந்திருக்கா, மூடியிருக்கா?"

"மூடியிருக்கு சார்."

"அப்போ நீ ஆப்சென்ட்."

ஒரு கொக்கியைப் போட்டு மூடியைத் தூக்கினேன். அடேயப்பா, என்ன லேசு. என் முதுகுக்கே ஒன்றும் செய்யவில்லை. சார் புண்ணியம். படம் எடுத்தேன், போன் ஏற்றுக்கொண்டது. மூடியை வீட்டுக்குக் கொண்டுபோனேன். ஆபீஸில் மூடி காணோம் என்று ஃபைல் போட்டு, இன்னொரு மூடி அனுப்பினார்கள். அதுவும் காணாமல் போயிற்று. திருட்டு அதிகமுள்ள இடம் என்று எழுதி என் காவலை நீட்டித்தார்கள். இப்படித்தான் மேடம், பதினொன்று. ஒன்றைக்கூட விற்கவில்லை. எந்த எடைக்கடைக்காரனும் அதை வாங்கமாட்டான், சாருடைய கண்டுபிடிப்பின் அருமையே அதுதான். ஒன்றின்மேல் முருகம்மாள் மாவுப் பாத்திரம் வைத்திருந்ததை நீங்களே பார்த்தீர்கள்.

போன வருஷம் ஜூலையில் சார் போன் பண்ணினார். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"நம்ம தெருவில ரெண்டு மழைக்காலமா ஒருத்தர்கூட விழலை. எல்லாம் உங்க கைங்கரியம். அதனால இனிமே அங்க காவலே தேவையில்லைன்னு மேல சொல்லிட்டா. நாளைக்கு ஆர்டரை நானே எடுத்துண்டு வரேன். மாட்டுங்காவிலேருந்து மைசூர்பாகும் வாங்கிண்டு வரேன்."

நான் படிக்காதவன். ஆனாலும் விஷயம் விளங்கியது. யாரும் விழவில்லை, அதனால் காவல் வேண்டாம். அப்படியானால் காவல் வேண்டுமென்றால் யாராவது விழ வேண்டும். இதில் கோபப்பட என்ன இருக்கிறது? மறுபடியும் கட்டிலில் கிடக்க என்னால் முடியாது, அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் முழங்கால் அளவு தண்ணீர். என் குழிக்கு இருபதடி தள்ளி இன்னொரு குழி உண்டு. அதன் மூடியையும் தூக்கினேன். தண்ணீர் சீக்கிரம் வடியட்டுமே என்றும் நினைத்தேன், பொய் சொல்லக் கூடாது. அங்கே கொடி நடவில்லை. அந்தக் குழிக்கு என் பட்டியலில் நம்பர் கிடையாது. யாராவது இளவட்டம் இடறி விழுவான், கால் பிசகும், பேப்பரில் வரும், அதுபோதும் என்று இருந்தேன்.

பதினொரு மணிக்குச் சார் வந்தார். ஒரு கையில் குடை, ஒரு கையில் பை. எதிரே வளையல் கடை வைத்திருக்கும் நஜ்முன்னிசா, கடைப்படியில் நின்றபடி தண்ணீர் சுழித்துக்கொண்டு உள்ளே போவதைப் பார்த்துவிட்டாள்.

"டக்கன்! சாப், டக்கன்!"

மூடி திறந்திருக்கிறது என்று அவள் சொல்கிறாள். சாருக்கு அது வழக்கமான கேலி. சிரித்துக்கொண்டே குடையைத் தூக்கிக் காட்டினார். அவள் தலையில் அடித்துக்கொண்டு மறுபடி கத்தினாள். சார் இன்னும் நன்றாகக் குனிந்து ஒரு சலாம் வைத்துவிட்டு நடந்தார்.

விசில் என் பல்லுக்கிடையில் இருந்தது. ஊதியிருந்தால் நின்றிருப்பார். என் விசில் என்றால் அவ்வளவு மரியாதை அவருக்கு. நம்பர் உள்ள குழிக்குத்தான் விசில் என்பது சட்டம். ஆர்டரும் அந்தப் பைக்குள்தான் இருந்தது. நான் ஊதவில்லை. குடை மட்டும் தண்ணீரில் நின்றது. மூன்றாம் நாள் மாஹிம் பக்கம், சாக்கடை கடலில் சேருகிற இடத்தில் அவரை எடுத்தார்கள்.

எனக்கு வருத்தம் இல்லையென்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு வேளை சோறு இறங்கவில்லை. தெரிந்த மனிதர் ஆயிற்றே.

ஆனால் நல்லதும் நடந்தது. எங்கள் ஏரியாவுக்கு மட்டும் நாற்பது காவலாட்களைப் போட்டார்கள். திட்டத்துக்கு வைத்தீஸ்வரன் மழைக்காவல் திட்டம் என்று பெயர். நான் தலைமைக் காவலர். தொடக்க விழாவுக்கு அவர் சம்சாரம் சாருலதா அம்மா வந்தார்கள், நான்தான் குடை பிடித்தேன். "உங்களைப் பத்தித்தான் எப்பவும் பேசிண்டிருப்பார்" என்று அழுதார்கள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. சார் இருந்து இதைப் பார்த்திருந்தால் எவ்வளவு பூரித்திருப்பார்.

இதோ ஒரு வருஷம் முடிந்து அடுத்த மழை தொடங்கிவிட்டது. இதுவரை ஒருவரும் விழவில்லை. நாற்பது பேர் எதற்கு என்று மேலே கேட்க ஆரம்பித்திருக்கிறார்களாம். அதனால்தான் மேடம், வேண்டியதைக் கேட்டுவிட்டு என்னைச் சீக்கிரம் அனுப்பிவையுங்கள். நாற்பது குடும்பம் என்னை நம்பி இருக்கிறது.