லைனிங் வைக்காத பை

கதை எழுதும் தகுதி எனக்கு உண்டா என்பது தெரியவில்லை. இது என் முதல் முயற்சி; குறை இருப்பின் வாசகப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டுகிறேன். ஸ்வென்போர்க் துறைமுகத்துக்கு மேலே, பூட்டிக் கிடந்த தங்கள் வீட்டு வாசலில், மழைச் சாரலில் நின்றபடி ஹென்னிங்கும் அவர் மனைவி லிஸ்பெத்தும் பேசிக்கொண்டதை மட்டுமே இங்கே தருகிறேன். இடையே என் சொல் எதையும் சேர்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

ஹென்னிங்: ...பைக்குள்ள இல்லேன்னா எப்படி? நீதானே பூட்டினே?

லிஸ்பெத்: பூட்டினேன். பையில போட்டேன். ஜிப்பையும் இழுத்தேன்.

ஹென்னிங்: முழுசா இழுத்திருக்க மாட்டே.

லிஸ்பெத்: முழுசாத்தான் இழுத்தேன். முழுசா இழுத்தாலும் அந்த ஓரத்துல... வேணாம், விடு.

ஹென்னிங்: ஓரத்துல என்ன?

லிஸ்பெத்: ஒண்ணுமில்ல. அழகா இருக்குன்னு சொல்ல வந்தேன்.

ஹென்னிங்: சொல்லேன்.

லிஸ்பெத்: அழகா இருக்கு.

ஹென்னிங்: கொட்டிப் பாத்தியா?

லிஸ்பெத்: பாத்தாச்சு. கண்ணாடி துடைக்கிற துணி, லைக்கோரிஸ் மிட்டாய், டிஷ்யூ. சாவி இல்ல.

ஹென்னிங்: பக்கத்து வீட்டு உல்லாகிட்ட நம்ம இன்னொரு சாவி இருக்கே?

லிஸ்பெத்: உல்லா பாட்டுக்குழுவுக்குப் போயிருக்கா. பாடி முடிச்சு, காபி, கேக், ஊர்வம்பு எல்லாம் ஆகித்தான் வருவா.

ஹென்னிங்: அப்ப நனைவோம்.

லிஸ்பெத்: நான் நனையறேன். உன் நெஞ்சுக்கு ஆகாது, கூரைக்குக் கீழ வா... பாக்கெட்ல கை என்ன தேடுது?

ஹென்னிங்: குரோஷா ஊசி.

லிஸ்பெத்: காட்டு.

ஹென்னிங்: இந்தா. நூலும் இருக்கு. போதுமா, போலீஸ்காரம்மா?

லிஸ்பெத்: போதும். கை சும்மா இருந்தா சிகரெட்டைத்தான் தேடும், இன்னொரு குளிர்காலம் குடிச்சா நுரையீரல்ல மிச்சமே இருக்காதுன்னு டாக்டரம்மா சொன்னப்ப உன் மூஞ்சி போன போக்கை நான் பாத்தேன். அதனாலதான் நானும்...

ஹென்னிங்: நீயும்?

லிஸ்பெத்: நீ பின்னின பையைத் தூக்கிட்டுத் திரியறேன்... பெருமையா.

ஹென்னிங்: அந்தப் பெருமை கொஞ்சம் தாமதமா வருது.

லிஸ்பெத்: குளிருல நாக்கு ஒட்டிக்குது. கப்பல் எஞ்சினைப் பிரிச்சு மாட்டின கை குரோஷா போடுதுன்னா சும்மாவா?

ஹென்னிங்: அந்தக் கையாலதான் ஒவ்வொரு கண்ணியையும் இறுக்கினேன். இதுலேர்ந்து எதுவும் நழுவாது.

லிஸ்பெத்: கண்ணி இறுக்கந்தான். ஜிப்தான் குட்டை.

ஹென்னிங்: என்ன?

லிஸ்பெத்: சொல்லிட்டேன். கேட்டுக்கோ. ஜிப்பை வாங்கி வெச்சுக்கிட்டு, அதை அளக்காமலே பையைப் பின்னினே. பை வாய் அகலமாயிடுச்சு. ஜிப் முடியற இடத்துல ஒரு விரல் இடைவெளி. பாரு, என் சுண்டுவிரல் போகுது.

ஹென்னிங்: உன் விரல் ஒல்லி.

லிஸ்பெத்: சாவி அதைவிட ஒல்லி.

ஹென்னிங்: ...இதை மனசுல வெச்சுக்கிட்டா இவ்வளவு நாளா ஆஹா ஓஹோன்னே?

லிஸ்பெத்: சொன்னா ஊசியைத் தூக்கிப் போட்டுட்டு மறுபடி பத்தவெச்சிடுவியோன்னு பயம். அதான் குறைன்னு சொல்லாம, உள்ள ஒரு லைனிங் வெச்சுத் தெச்சுக்கறேனேன்னு கெஞ்சினேன். ஓட்டை அடைஞ்சு போயிருக்கும்.

ஹென்னிங்: லைனிங் வெச்சா பின்னலோட அழகு போயிடும்.

லிஸ்பெத்: உள்ள இருக்கற துணி வெளிய யாருக்குத் தெரியும்?

ஹென்னிங்: எனக்குத் தெரியும்.

லிஸ்பெத்: உல்லாவுக்குப் பின்னிக் கொடுத்த பைக்கு மட்டும் பூப்போட்ட துணியா தேடி நீயே லைனிங் வெச்சே. அங்க அழகு போகலையா?

ஹென்னிங்: அவ கேட்டா.

லிஸ்பெத்: நான் மட்டும் என்ன பண்ணினேன்?

ஹென்னிங்: சண்டையா, சாவியா? ஒண்ணைச் சொல்லு.

லிஸ்பெத்: சாவி. கடையிலேர்ந்து இங்க வரைக்கும் எங்கன்னு தேடறது?

ஹென்னிங்: அவ்வளவு தூரம் வேணாம். இதோ பக்கத்துக் கொட்டகையில, பையைச் சாய்ச்சு வெக்கறியே, அந்த உன் சைக்கிள் கூடைக்கு நேர் கீழ. சுவருக்கும் தரைப் பலகைக்கும் நடுவுல கையை விட்டுப் பாரு.

லிஸ்பெத்: இரு... இல்லப்பா. சிலந்திவலைதான் வருது. ஆமா... ஹென்னிங்.

ஹென்னிங்: ம்?

லிஸ்பெத்: சுவருக்கும் பலகைக்கும் நடுவுலன்னு எப்படித் தெரியும்?

ஹென்னிங்: ஊகம்.

லிஸ்பெத்: ஊகம் பலகை வரைக்கும் போகுமா?

ஹென்னிங்: ...கொண்டை ஊசி ரெண்டு கிடந்துச்சு. உன் உதட்டுக் களிம்பும்.

லிஸ்பெத்: எடுத்துக் கொடுக்க வேண்டியதுதானே?

ஹென்னிங்: சைக்கிள் ஏறி நசுங்கிப் போச்சு. கொடுத்தா ஓட்டையை ஒத்துக்கணுமே.

லிஸ்பெத்: சரி... வேற ஏதாவது கிடந்துச்சா?

ஹென்னிங்: வேறன்னா?

லிஸ்பெத்: பொதுவா கேட்டேன்.

ஹென்னிங்: பொதுவா ஒண்ணும் கிடக்கல.

லிஸ்பெத்: டிஷ்யூ மாதிரி... வெள்ளையா... கொஞ்சம் நீளமா?

ஹென்னிங்: நீளமா டிஷ்யூ விக்கறாங்களா?

லிஸ்பெத்: கிண்டல் வேணாம். தினம் என் சைக்கிளுக்குக் காத்தடிக்கப் போறியே, அந்த டயர் அவ்வளவு மோசமா?

ஹென்னிங்: நீ தினம் படகுத்துறைக்குக் காத்து வாங்கப் போறியே, இந்த வாசல்ல காத்து வரலையா? திரும்பி வர்றப்ப வாய் நிறைய லைக்கோரிஸ் வாசனை வேற.

லிஸ்பெத்: ...தெரியுமா?

ஹென்னிங்: நீ சொல்லு.

லிஸ்பெத்: உன் பழைய மழைக்கோட்டுல ஒரு சிகரெட் பாக்கெட் இருந்துச்சு. குப்பையில போடத்தான் எடுத்தேன். கல்யாணத்துலேர்ந்து அந்த வாசனையிலேயே படுத்து எழுந்தவ... நீ விட்டதும் வீடு யாரோ வீடு மாதிரி இருந்துச்சு. ஒண்ணே ஒண்ணுன்னு பத்தவெச்சேன். இப்ப நானே வாங்கறேன். அன்னன்னிக்கு ஒண்ணை எடுத்து இந்தப் பையில டிஷ்யூவுக்கு அடியில வெச்சுப்பேன். ஆனா படகுத்துறைக்குப் போய்ப் பாத்தா பாதி நாள் இருக்காது. குடிச்சுட்டு மறந்துட்டேனோ, வயசாயிடுச்சோன்னு பயந்தே போயிட்டேன்.

ஹென்னிங்: வயசெல்லாம் ஆகல.

லிஸ்பெத்: அப்ப அது... லைனிங் வேணாம்னு நீ அடம் பிடிச்சது...

ஹென்னிங்: லைனிங் வெச்சா எனக்கு எப்படிம்மா விழும்? முதல் நாள் பலகைக்குப் பக்கத்துல சிகரெட்டைப் பாத்தப்ப உன்கிட்ட சண்டை போடத்தான் கையில எடுத்தேன். கொட்டகையிலேயே குடிச்சு முடிச்சுட்டேன். உன்னைக் கேட்டா நான் மாட்டிப்பேன், ஓட்டையை அடைச்சா வரவு நின்னுடும். இப்ப கணக்கு சொல்லிடறேன். தொலைஞ்சது கொண்டை ஊசி ரெண்டு, உதட்டுக் களிம்பு ஒண்ணு, வீட்டுச் சாவி ஒண்ணு. நான் விட்டுட்டேன்கற பேரு. நீ தொட்டதே இல்லைங்கற பேரு. அவ்வளவுதான்.