அம்மாவின் இமையில் அடைத்த எண்ணெய்

— தூங்கிட்டியாம்மா?

— நீ இப்பிடிப் பொரண்டு பொரண்டு படுத்தா நான் எங்குட்டுத் தூங்க. என்ன ஜோதி... பரிச்சைப் பயமா?

— இல்ல. கம்பெனில உன்னய செக்கிங்குல இருந்து பேக்கிங்குக்கு மாத்துனாங்கள்ல...

— அத ஏண்டி கெளப்புற. ஒரு பனியன்ல ஓட்டையோ கறையோ என் கண்ணுக்குத் தப்பியிருக்குமா? அந்த சூப்பர்வைசர் முருகேஷு, "கொஞ்ச நாளைக்கு இங்கயே நில்லுங்கக்கா"ங்கிறான். எவளோ போட்டுக் குடுத்திருக்கா.

— நாந்தான்.

— என்ன நாந்தான்?

— உனக்குக் கண்ணு சரியில்லன்னு நாந்தான் முருகேஷண்ணன்கிட்ட சொன்னேன். கண் முகாம்ல உன் இமையப் பிதுக்கிப் பாத்தாருல்ல டாக்டரு... எண்ணெய்ச் சுரப்பி அடைச்சிருக்குன்னு நர்ஸ்கிட்ட இங்கிலீஷ்ல சொன்னாரும்மா. எனக்குப் புரிஞ்சிருச்சு.

— சரி, அதுக்கு?

— மெஷின் ஆயில் பட்ட துணியத்தான தெனம் மொகத்துக்கு நேரா புடிச்சுப் பாக்குற. அதான் உள்ள போயி அடைச்சிருச்சுன்னு... சிரிக்காதம்மா.

— மெஷின் ஆயிலா... அடி கிறுக்கி. அது ஒடம்பே சுரக்குற எண்ணெய்டி. கண்ணு காஞ்சு போகாம இருக்க, இமை ஓரத்துல வர்றது.

— நீ கண்ணக் கசக்குனாலே எனக்குப் பயமா இருக்கு. பார்வை போயிருமோன்னு...

— கசக்குனது வெங்காயத்துக்கு. எனக்கு ஒரு உறுத்தல் கெடையாது, எரிச்சல் கெடையாது. நாப்பது தாண்டுனா அஞ்சு பேத்துல ஒருத்தருக்கு இப்பிடித்தானாம். தொந்தரவுன்னு வர்றவங்கள விட, இருக்குறதே தெரியாமத் திரியுறவங்கதான் ஜாஸ்தியாம். வெந்நீர்ல துணிய நனைச்சு இமை மேல ஒத்தி எடுத்தாப் போதும்.

— காலைல ஈரத்துணியக் கண்ணு மேல வச்சுக்கிட்டு உக்காந்திருந்தியே... தலவலின்னு சொன்ன?

— தூங்குடி, நேரமாச்சு.

— அம்மா. டாக்டரு உன்கிட்டயும் சொல்லிட்டாரா?

— நீ அங்குட்டு நகந்ததும் சொன்னாரு. தமிழ்லயே.

— அப்பறம் ஏன் எங்கிட்ட மறைச்ச?

— அரைகொறையாக் கேட்டுட்டு, ப்ளஸ் டூவ விட்டுட்டு கம்பெனில என் செக்கிங் டேபிள்ல வந்து நிப்பன்னுதான். உன்னயத் தெரியாதா எனக்கு?

— திங்கக்கெழமையில இருந்து உன் எடத்துக்கு வேலைக்கு வர்றேன்னு முருகேஷண்ணன்கிட்ட சொல்லிட்டேம்மா... நீயே போயி வேணாம்னு சொல்லிரு.